பெருப்பிச்சால் தலைப்பாகாது: வேர்ட் கேள்வி பதில்

சங்க அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, கோயில் மலர் எண்டு வன்னியில நீளமா எழுதிற ஆக்கள் தலைப்புப் போடுற இடத்திலதான் தடக்குப்படுகினம். வந்த கேள்விகளும் என்ர பதில்களும் கீழே.

கிளிநொச்சி, கமக்காரர் அமைப்புச் செயலாளர்: ஆண்டறிக்கை 40 பக்கம். தலைப்பெல்லாம் தடிப்பாக்கி 16 இல போட்டிருக்கிறன். பொருளடக்கம் போட்டால் ஒண்டுமே இல்லை எண்டு காட்டுது.

ஐயா, அது உங்கட கண்ணுக்குத்தான் தலைப்பு. வேர்ட்டுக்கு அது தடிச்ச எழுத்தில ஒரு வரி, அவ்வளவுதான். ஹோமில இருக்கிற ஸ்டைல்ஸ் பெட்டியில ஹெடிங் 1 ஐத் தெரிவு செய்யுங்கோ. கொன்ட்ரோல், ஓல்ட், 1 மூண்டையும் சேர்த்து அமத்தினாலும் சரி. 40 பக்கத்தையும் தடவித் தேடத் தேவையில்லை. ஒரு தலைப்பில கேசரை வைச்சிட்டு, ஹோமின்ர வலது ஓரத்துச் சிலெக்ட்டைத் திறந்தால், அதே வடிவத்தில இருக்கிற எழுத்தெல்லாத்தையும் ஒரேயடியாப் பிடிக்கலாம்.

அவரே: எது 1, எது 2 எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?

எழுத்தின்ர பருமனை மறந்திடுங்கோ. "இது எதுக்குள்ள அடங்குது?" எண்டு மட்டும் பாருங்கோ. காலபோகம் 1, சிறுபோகமும் 1. காலபோகத்துக்குள்ள நீர்ப்பங்கீடு, விதைநெல், பயிர்ச்சேதம் 2. நீர்ப்பங்கீட்டுக்குள்ள இரணைமடுவின்ர இடதுகரை, வலதுகரை 3. நீங்கள் அனுப்பின பிரதியில யானை வேலி காலபோகத்துக்குள்ள கிடக்குது. யானை போகம் பார்த்தே வருது? அதைத் தனி 1 ஆக்குங்கோ. ஒண்டிலயிருந்து மூண்டுக்குப் பாயவும் வேண்டாம். வேர்ட்டில ஒன்பது நிலை இருந்தாலும், வழமையான பொருளடக்கம் முதல் மூண்டைத்தான் எடுக்கும். சங்க அறிக்கைக்கு நாலாவது நிலை தேவைப்படுதெண்டால் அந்தப் பகுதியையே பிரிச்செழுதலாம் எண்டது என்ர எண்ணம்.

வவுனியா, பல்கலைக்கழக மாணவி: ஹெடிங் 2 இன்ர நீல நிறம் பிடிக்கேல்லை எண்டு 3 ஐப் போட்டிட்டன், பிழையா அண்ணா? பருமனை மாத்தினாலும் தமிழ் எழுத்து அப்பிடியே நிக்குது.

நிறத்துக்காக நிலையை மாத்தக்கூடாது தங்கச்சி. ஹெடிங் 2 இல வலது பக்கம் கிளிக் பண்ணி மொடிபைக்குள்ள போய்க் கறுப்பாக்குங்கோ, எல்லா இடத்திலயும் மாறும். பருமன் மாறாததுக்குக் காரணம், வேர்ட் தமிழை கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் எண்ட வகையில வைச்சிருக்கு. மொடிபையில போர்மட், பிறகு போன்ட் எண்டு போனால் அந்தப் பேரில தனிப்பெட்டி இருக்கும். அங்க மாத்துங்கோ.

முல்லைத்தீவு, ஆசிரியர்: ஹெடிங் எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கிறன். ஆனா பக்கத்தில தலைப்புப் பட்டியலைக் காட்டுற நவிகேசன் பேனில தலைப்பெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாத் தெரியுது.

பாமினியில அடிச்சிருக்கிறியள் சேர். பாமினி ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தைப் போர்த்தி விடுற எழுத்துரு. நவிகேசன் பேன் உங்கட எழுத்துருவைப் பாவிக்காது, அதால போர்வை விலகி அடியில கிடக்கிறது தெரியுது. பிடிஎஃப் ஆக்கினாலும் புக்மார்க்கில இதே கூத்துத்தான். தமிழைத் தமிழாவே பதிஞ்சு வைக்கிற யுனிகோட்டுக்கு மாத்துங்கோ, வேற வழி தேடி மினக்கெட வேண்டாம்.

மாங்குளம்: என்ர தம்பிக்குப் பார்வை இல்லை, திரையில இருக்கிறதை வாசிச்சுச் சொல்லுற என்விடிஏ மென்பொருளைப் பாவிக்கிறவர். அவருக்கு அனுப்பிற ஆவணத்தில தலைப்பு எப்பிடி இருக்க வேணும்?

இந்தக் கேள்வியை இன்னும் கனபேர் கேட்டிருக்க வேணும். வேர்ட்டில என்விடிஏ விசையோட (வழமையா இன்சேர்ட்) ஸ்பேஸை அமத்தி, எழுதாமல் வாசிச்சுக்கொண்டு போற பிரவுஸ் நிலைக்குப் போனால், எச் விசை அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகும். 1, 2, 3 விசைகள் அந்தந்த நிலைத் தலைப்புக்குப் போகும். இணையப் பக்கத்திலயும் இப்பிடித்தான், அங்க ஆறு நிலை. வெறுமனே தடிப்பாக்கின வரியை இந்த விசைகள் கண்டுகொள்ளாது, அவர் முதலாம் பக்கத்திலயிருந்து முழுக்கக் கேட்க வேண்டி வரும். பாமினியில அனுப்பினால் அதுவுமில்லை, அடியில கிடக்கிற ஆங்கில எழுத்தைத்தான் வாசிக்கும். யுனிகோட்டில, வேர்ட் கோப்பாவே அனுப்புங்கோ.

மன்னார்: 1.1, 1.2 எண்டு கையால இலக்கம் போடலாமோ?

வேண்டாம். மல்டிலெவல் லிஸ்டில ஹெடிங்கோட சேர்ந்த இலக்க முறை இருக்கு, அதை எடுங்கோ.

புதுக்குடியிருப்பு: கோயில் மலரில திருவிழாப் பகுதியை வரலாற்றுக்கு முன்னால கொண்டுவர வேணும். வெட்டி ஒட்டத்தான் வேணுமோ?

ஹெடிங் போட்டிருந்தால் வெட்டத் தேவையில்லை. நவிகேசன் பேனில திருவிழாத் தலைப்பைப் பிடிச்சு மேல இழுத்து விடுங்கோ, உள்ளுக்க இருக்கிற படம், உபதலைப்பு எல்லாம் பின்னால வரும். பிறகு பொருளடக்கத்தில கிளிக் பண்ணி எஃப்9 ஐ அமத்துங்கோ, கேட்டால் முழுப் பொருளடக்கத்தையும் புதுப்பிக்கிற தெரிவை எடுங்கோ, வரிசையும் பக்க இலக்கமும் திருந்தும்.