மச்சான் இளைக்கவில்லை, பெல்ட்தான் நீண்டது

தோல் வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் 28 வருஷம் வேலை பார்த்து, இப்போது வீட்டு மாடியில் சொந்தமாகப் பர்ஸ், பெல்ட் தைப்பவர் பதில் சொல்கிறார்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். கையால் பர்ஸ் தைக்கும் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. தோல் தேடினால் ஃபுல் கிரெய்ன், வெஜ் டேன், குரோம், 3-4 அவுன்ஸ் என்று தலை சுற்றுகிறது. முதன்முதலில் எந்தத் தோலை, எவ்வளவு, எங்கே வாங்குவது?
- வாசகர், சேலம்

கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். "பர்ஸ்" என்றால் போதாது. எத்தனை மடிப்பு, எத்தனை அறை என்று தெரிந்தால்தான் தோலின் கனம் முடிவாகும். என்னைக் கேட்டால் மடிக்கும் பர்ஸ் முதல் வேலையே அல்ல. மூன்று துண்டு வைத்துத் தைக்கிற கார்டு உறையில் ஆரம்பியுங்கள். ஒரு துண்டு சுமார் 10 செ.மீ.க்கு 7.5 செ.மீ. ஒரு சதுர அடி தோல் என்பது 30 செ.மீ.க்கு 30 செ.மீ.யும் கொஞ்சமும். இரண்டு அடி வாங்கினால் நாலைந்து தடவை கெடுத்துவிட்டு அடுத்ததை ஒழுங்காகத் தைக்கலாம். கெடுப்பீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

வீடியோக்காரர்கள் சொல்லும் அவுன்ஸ், எடை அல்ல, கனம், அதாவது தடிமன். ஒரு அவுன்ஸுக்கு 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-4 அவுன்ஸ் என்றால் 1.2 முதல் 1.6 மி.மீ. வரை. நம்மூர் கடையில் மில்லிமீட்டரில் கேட்டால்தான் எடுத்துப் போடுவார்கள். கார்டு உறைக்கு 1.2 மி.மீ. போதும். பெல்ட்டுக்கு 3 முதல் 4 மி.மீ. வேண்டும். 2 மி.மீ. தோலில் கார்டு உறை தைத்தால் மூன்று துண்டும் சேர்ந்து 6 மி.மீ. ஆகிவிடும். சட்டைப்பையில் செங்கல் மாதிரி துருத்தும்.

அடுத்தது, பதனிட்ட விதம். குரோம் உப்பில் பதனிட்டது ஒரு வகை. மிருதுவாக இருக்கும், தண்ணீரை ஓரளவு தாங்கும், ஷூ மேல்பகுதிக்கும் கைப்பைக்கும் போகும். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டது இன்னொரு வகை. அதைத்தான் வெஜ் டேன் என்கிறார்கள். கற்றுக்கொள்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். விறைப்பாக இருப்பதால் கத்தியின் கீழே நழுவாது, ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால் பளபளவென்று மூடிக்கொள்ளும், நனைத்துப் பூ வேலை அழுத்தினால் அப்படியே நிற்கும். குரோம் தோலில் இதெல்லாம் சரியாக வராது. நம் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஆர்வத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

வெஜ் டேனை இத்தாலியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கத்துத் தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் இடங்களைத்தான் அப்படிச் சொல்வோம்) ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கப்பலேறியதால்தான் அதற்கு ஈ.ஐ. லெதர் என்றே பெயர். 2008-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் என்கிற மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. சாயம் போடாத இளம் பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆட்டுத்தோல் என்றால் கார்டு உறைக்கு உள்பக்கம் ஒட்ட அருமையானது. வெளிப்பக்கத்துக்கு மாட்டுத்தோலோ எருமைக் கன்றுத் தோலோ கேளுங்கள்.

இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று ரயிலேறிச் சென்னை பெரியமேட்டுக்குப் போனேன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால், நடந்தே போய்விடலாம். கடைக்காரர் இரண்டடித் துண்டுக்கு ஒரு விலை, அரைத் தோலாக எடுத்தால் அடிக்கு அதைவிடக் குறைந்த விலை என்றார். மலிவுதானே என்று கைக்காசு மொத்தத்தையும் போட்டு அரைத் தோலைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். வயிற்றுப் பக்கத்து ஓரத்திலிருந்து நீளமாக ஒரு வார் வெட்டி மச்சானுக்குப் பெல்ட் செய்து கொடுத்தேன். இரண்டு மாதத்தில் அவர் புதிதாக மூன்று ஓட்டை போட்டுவிட்டார். "உங்க கைராசி, இளைச்சுட்டேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். மச்சான் இளைக்கவில்லை, பெல்ட்தான் நீண்டது.

வயிற்றுப் பகுதித் தோல் தளர்ந்தது, இழுத்தால் கொடுக்கும். முதுகும் பின்பக்கமும் இறுக்கம். தோள்பட்டை நடுத்தரம், பர்ஸுக்குப் போதும். பெல்ட் வெட்டினால் முதுகெலும்பு ஓடிய திசையிலேயே வெட்ட வேண்டும். கடையில் துண்டுத்தோல் குவியலில் கைவிடும்போது, ரோமம் இருந்த முகம் உள்ளே வருகிற மாதிரி மடித்துப் பாருங்கள். பொடிப் பொடிச் சுருக்கம் விழுந்தால் நல்ல பகுதி. தொளதொளவென்று பெரிய மடிப்பு விழுந்தால் வயிறு. வைத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று காரியம் செய்யுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். குரோம் தோலில் நடுவே நீலம் கலந்த சாம்பல் கோடு தெரியும் (சாயம் முழுக்க இறங்கியிருந்தால் தெரியாமலும் போகலாம்). பட்டைத்தோல் நடுவிலும் பழுப்பாகத்தான் இருக்கும். அப்புறம், மூலையில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வையுங்கள். மேல்பூச்சு இல்லாத பட்டைத்தோல் குடித்துக் கருக்கும், அந்த இடத்தில் நகத்தை அழுத்தினால் தடம் நிற்கும். கடைசியாக, திருப்பிப் போட்டுச் சதைப்பக்கத்தைப் பாருங்கள். உரித்தபோது கத்தி பட்ட கீறல் இருந்தால் அந்த இடத்தில் தோல் பாதிக் கனம்தான், ஒருநாள் அங்கேதான் அறும்.

மேல்முகத்துத் தழும்பு வேறு விஷயம். அந்த முகத்தைச் சீவாமல் அப்படியே விட்ட தோல்தான் நீங்கள் கேட்ட ஃபுல் கிரெய்ன். நம் மாடுகள் வேலமுள்ளில் உரசிக்கொண்டு மேய்கிறவை. உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தடம் எல்லாம் இருக்கும். அதற்காகவே அந்தத் தோலை விலை குறைத்துக் கொடுப்பார்கள். பழகுவதற்கு அதுதான் சரி. எனக்குத் தழும்பு இருக்கிற தோல்தான் பிடிக்கும், அது வேறு கதை.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முழுத்தோலின் பின்பக்கம் பரப்பளவை எழுதியிருப்பார்கள். சில இடங்களில் பெரிய எண்ணின் தலைமாட்டில் சின்னதாக 1, 2, 3 என்று இருக்கும். அது கால், அரை, முக்கால். 4-க்கு மேலே குட்டி 3 என்றால் நாலே முக்கால் அடி, நாற்பத்து மூன்று அல்ல. விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடும். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கிக் கேளுங்கள். "பழகத் துண்டுத்தோல் வேண்டும்" என்று கூச்சப்படாமல் சொன்னால் எடை போட்டுக் கொடுக்கும் கடைகளும் உண்டு. ஆன்லைனில் வாங்குவது இரண்டாவது தடவைக்கு இருக்கட்டும். முதல் தோல் கையால் தொட்டு வாங்க வேண்டியது.

"ஜெனியூன் லெதர்" என்று முத்திரை இருந்தால் நம்பலாமா?
- வாசகி, கோவை

தோல்தான் என்று நம்பலாம். நல்ல தோல் என்று நம்ப வேண்டாம். கனமான தோலை இயந்திரத்தில் அடுக்காகப் பிளப்பார்கள். ரோமம் இருந்த மேலடுக்குதான் பலமானது. கீழடுக்குக்கு ஸ்பிளிட் என்று பெயர். அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, ரோமத் துவாரம் போலப் பொய்யாக அச்சு குத்தினாலும் அந்த முத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அலுங்காமல் குலுங்காமல் இருக்கிற முகத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஓரத்தை நகத்தால் கிள்ளினால் படலம் உரிந்து வரும்.

கருவிகளுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும் போலிருக்கிறதே?
- கல்லூரி மாணவர், மதுரை

ஆகாது தம்பி. புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு பூசிய நூல், ஒரு குத்தூசி. தையல் இடைவெளி குறிக்கச் சாப்பாட்டு முள்கரண்டியை அழுத்தினாலே போதும், வரிசையாகப் புள்ளி விழும். நூலைத் தையல் நீளத்தைப் போல நாலு மடங்கு எடுங்கள். மூன்று மடங்கு எடுத்துவிட்டு, முடிக்க நாலு ஓட்டை பாக்கி இருக்கும்போது விழிக்காத ஆள் கிடையாது.

மாமியார் "வீட்டுக்குள் தோலா!" என்று முகம் சுளிக்கிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது?
- வாசகி, கும்பகோணம்

உங்கள் ஊரில் இந்தக் கேள்வியா! மிருதங்கத்தில் இருப்பது மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், வாருக்கு எருமைத்தோல். அதைப் பூஜை அறைக்குப் பக்கத்தில் வைத்துப் பொட்டும் வைப்போம். செய்து கொடுத்தவரைத்தான் திண்ணையோடு நிறுத்தினோம். சுளிப்பு தோலைப் பார்த்து வருவதல்ல என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் கார்டு உறையை மாமியாருக்கே, அவர் மூக்குக்கண்ணாடி அளவுக்குப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

வாங்கி வைத்த தோலில் திட்டுத்திட்டாகக் கறுப்பு விழுந்துவிட்டது. பூஞ்சையா?
- வாசகர், நாகர்கோவில்

துடைத்தால் போகிற வெள்ளைப் பொடி என்றால் பூஞ்சை. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பீர்கள். பழைய பருத்தி வேட்டியில் சுருட்டி, மடிக்காமல், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். துடைத்தாலும் போகாத நீலக்கறுப்பு என்றால் இரும்பு. ஈரத்தோலின் மேல் ஸ்கேலையோ சாவிக்கொத்தையோ வைத்திருக்கிறீர்கள். பட்டையில் இருக்கும் துவர்ப்புச்சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே வித்தையில்தான். இலேசான கறைக்கு எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து பஞ்சால் ஒற்றிப் பாருங்கள், பாதி மங்கும். அழுத்தமாக இறங்கியிருந்தால் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒருவாரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தோல் முழுக்கப் பூசிவிடுங்கள். நல்ல கறுப்புத் தோலாகிவிடும். என் கடையில் கறுப்பு பெல்ட்டெல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.