யார் தைத்தது? – கடிதம்

அன்புள்ள சார்,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ‘வடக்கன்’ என்று சொல்வதைக் கண்டித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் லைனில் பாதிப் பேர் வடநாட்டுக்காரர்கள். நான் அவர்களை உயர்வாகத்தான் நினைக்கிறேன். நல்ல உழைப்பாளிகள், லீவு போட மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள். நம்மாட்கள்தான் சரியில்லை. ஒரே குறை, அவர்களுக்கு வேலையில் நுணுக்கம் போதாது. போன மாதம் ஒரு ஆர்டரில் தையல் ஓரமாகப் பொத்தல் விழுந்து பீஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது. அவர்கள் உட்காரும் பக்கம்தான். நான் இந்தி கற்றுக்கொண்டால் இதெல்லாம் சரியாகுமா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

இந்தி கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் லைனில் இருப்பவர்களின் தாய்மொழி ஒடியாவாக இருக்கலாம், வங்காளமாக, மைதிலியாக இருக்கலாம். சந்தாலிக்கும் போடோவுக்கும் இந்தியோடு தூரத்து உறவுகூடக் கிடையாது. ஜார்க்கண்டின் ஓராவ்ன் மக்கள் பேசும் குடுக் ஒரு திராவிட மொழி, தமிழுக்குத்தான் சொந்தம். இதைக் கேட்டதும் முர்மு என்றால் சந்தாலி, பாசுமதாரி என்றால் போடோ என்று பெயரை வைத்து ஆளைப் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு பெரிய மூட்டையை அவிழ்த்து நாலு சின்ன மூட்டையாகக் கட்டுகிற வேலை அது. மொழி விஷயம் இவ்வளவு போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் பாராட்டுதான். வசை என்றால் கேட்டவர் கோபப்படவாவது வழி உண்டு. ‘நல்ல உழைப்பாளிகள், லீவு போட மாட்டார்கள்’ என்பதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? அவர் தங்கியிருப்பது கம்பெனி ஹாஸ்டலில். பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காதுகுத்து, துக்க வீடு எல்லாம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. இங்கே அரை நாள் லீவு போட்டு அவர் எங்கே போவார்? அதையே அவருடைய பிறவிக் குணமாக்கிவிட்டீர்கள். நாளைக்கு அப்பாவுக்கு முடியவில்லை, தன்பாத் எக்ஸ்பிரஸில் கிளம்ப வேண்டும் என்று வந்து நின்றால், ‘நீயுமா?’ என்றுதான் உங்கள் முகம் கேட்கும். பக்கத்து மிஷினில் இருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு வீடு, மாமியார், பள்ளிக்கூடம் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. அவள் லீவு கேட்டால் ‘நம்மாட்கள் சரியில்லை’. இரண்டு பேரையும் நீங்கள் பார்க்கவே இல்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தமிழர்கள் எல்லாரும் அப்படித்தான் என்று நம்பிப் பயந்தவர்கள் அன்றைக்குப் பலர். உங்களைத் தெரியாமலேயே உங்கள் மேல் ஒட்டப்பட்ட சீட்டு அது. எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்?

இனி அந்தப் பொத்தலுக்கு வருவோம். ‘அவர்கள் பக்கம்’ என்று சொன்ன அந்த இடத்திலேயே உங்கள் விசாரணை நின்றுவிட்டது. பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. பால் பாயிண்ட் ஊசி நூலை விலக்கிக்கொண்டு இறங்கும். கூர்முனை ஊசியோ, முனை மழுங்கிப் பிசிறு தட்டிய ஊசியோ நூலையே வெட்டும். வெட்டுப்பட்டது செக்கிங் டேபிளில் பெரும்பாலும் தெரியாது. இழுத்தால், துவைத்தால்தான் வளையம் அவிழ்ந்து பொத்தலாகும். 30ஸ் நூலில் பின்னிய மெல்லிய சிங்கிள் ஜெர்ஸி துணிக்கு 9 அல்லது 11ஆம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி போடுவார்கள். ஸ்டோரில் இல்லை என்று கனமான ஃப்ளீஸ் துணிக்கு வாங்கிய தடித்த 14ஐ மாட்டினாலும் வெட்டும். முனையை நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள், கீறினால் ஊசியை மாற்ற வேண்டும். துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னர் குறைந்து வறண்டு வந்திருந்தாலும் இதே பொத்தல்தான்.

எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பீஸ் கட்டோடு வரும் பண்டில் டிக்கெட்டில் தைத்த ஆபரேட்டரின் நம்பர் இருக்கிறதே, அதற்குத்தான் அது. ரிஜெக்ட் ஆன பீஸ்களை முதலில் டிக்கெட் வாரியாகப் பிரியுங்கள். ஒன்றாகச் சாயமிட்ட ஒரே கலர் லாட்டில் மட்டும், ஐந்தாறு பேர் கையிலும் பொத்தல் என்றால் குற்றம் சாயமிடும் டையிங்கிலோ துணியை இறுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங்கிலோ இருக்கிறது, தைத்தவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஒரே ஆளின் பண்டிலில் மட்டும் என்றால் அவரையும் பக்கத்து மிஷின்காரரையும் ஒரு மணி நேரம் இடம் மாற்றி உட்கார வையுங்கள். பொத்தல் அந்த மிஷினிலேயே தங்கினால் ஊசியையும், ஊசி இறங்கும் துளை உள்ள த்ரோட் பிளேட்டையும் பாருங்கள். ஆளோடு சேர்ந்து போனால் அவர் துணியைப் பின்னாலிருந்து இழுத்துத் தைக்கிறார், அதனால் ஊசி வளைந்து இறங்குகிறது. பக்கத்தில் நின்று பத்து நிமிஷம் கையைப் பிடித்துக் காட்டினால் திருந்திவிடும். அவருக்கு அதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தினமும் செய்ய வேண்டியதும் உண்டு. லைனைச் சுற்றிவந்து சோதிக்கும் ரோவிங் செக்கர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் 7 பீஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். குறை இல்லையென்றால் பச்சை அட்டை, ஒன்று இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பல கம்பெனிகளில் அட்டை தொங்கும், ஆனால் யாரும் மாற்றுவதில்லை. அல்லது சூப்பர்வைசருக்குப் பிடித்தவருக்கு எப்போதும் பச்சை. அப்படி நடந்தால் அதற்கு அட்டையே வேண்டாம். ஒழுங்காக ஒரு வாரம் செய்துவிட்டு ஆள்வாரியாக எழுதிப் பாருங்கள். சிவப்பு எந்த ஒரு ஊர்க்காரர்களிடமும் மட்டும் கூட்டமாக உட்கார்ந்திருக்காது.

‘வடக்கன்’ இல்லையென்றால் எப்படிக் கூப்பிடுவது என்ற கேள்விக்கே இடமில்லை. பெயர் இருக்கிறது. அதை ஆதாரில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், எழுதுங்கள். உங்கள் வாய்க்கு வசதியாக ‘ராஜு’ என்று சுருக்கி, அதுவே பிஎஃப் கணக்குக்கும் போய்விட்டால், அவர் வேலையை விட்டுப் பணம் கேட்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடுவார்கள். சில கணக்குகளில் அதைச் சரிசெய்ய உங்கள் கம்பெனியின் ஒப்புதலும் வேண்டியிருக்கும், அவரோ அதற்குள் ஊரில் இருப்பார். அலட்சியமாக எழுதிய ஒரு பெயரால் ஒருவருடைய பல வருஷச் சேமிப்பு மாட்டிக்கொள்கிறது, ம. இதில் எனக்குப் பொறுமையே கிடையாது.

நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். போன மாத டிக்கெட்டுகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் திங்கட்கிழமை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அந்தப் பொத்தலுக்காக யாரையாவது லைன் முழுக்கக் கேட்கும்படி ஏசியிருந்தீர்கள், டிக்கெட் வேறு கதை சொல்கிறது என்றால், அதையும் லைன் முழுக்கக் கேட்கும்படி அவர் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.