அடுத்தவர் வீட்டு ரொட்டி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்பாட்டுப் பரிமாற்றப் பயணமாக எங்கள் குழு மே மாதம் இத்தாலி போகிறது. 10 நாள். போலோனியா, ரவென்னா, ஃபுளோரன்ஸ், சியேனா. ஒவ்வொரு ஊரிலும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் தங்கவேண்டுமாம். எனக்கு அதுதான் உதைக்கிறது. ஓட்டல் என்றால் நம் இஷ்டம். முன்பின் தெரியாதவர் வீட்டில் எப்படி? நான் சைவம் வேறு. நீங்கள் அப்படித் தங்கியவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

வீட்டிலேயே தங்குங்கள். ஓட்டல்காரர் தன் ஊரைப் புகழ்வார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பக்கத்து ஊரைத் திட்டுவார். அதைக் கேட்கத்தான் போகவேண்டும். இத்தாலி ஒரே அரசானது 1861-இல். அதற்கு முன் இந்த ஊர்களெல்லாம் தங்களுக்குள் சண்டை போட்டே வளர்ந்தவை. ஊர்ப்பற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் காம்பனிலிஸ்மோ. காம்பனிலே என்றால் தேவாலய மணிக்கோபுரம்.

சியேனாவில் எனக்கு இடம் கொடுத்த அம்மா, ஆமை. ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், தனிக் கோயில், தனி நீரூற்று. பேட்டைக் குழந்தைகளுக்கு அந்த ஊற்றில் இன்னொரு ஞானஸ்நானமும் உண்டு. ஆமைப் பேட்டைக்கும் நத்தைப் பேட்டைக்கும் தீராப் பகை. யார் மெதுவாகப் போவது என்பதிலா என்று கேட்டுத் தொலைத்தேன். அம்மா சிரிக்கவில்லை. பேட்டைகளுக்கிடையே ஜூலை 2, ஆகஸ்ட் 16-இல் நடக்கும் குதிரைப் பந்தயங்கள் ஒன்றரை நிமிஷம்கூட ஓடாது, பேச்சு வருஷம் முழுக்க. மே மாதம் உங்களுக்குப் பந்தயம் கிடைக்காது, பேச்சு கிடைக்கும்.

அதே வீட்டில் முதல் இரவு ரொட்டியைக் கடித்தேன். உப்பில்லை. மறந்துவிட்டார்கள் போல என்று உப்பு கேட்டேன். சியேனாவும் ஃபுளோரன்ஸும் இருக்கும் டஸ்கனி வட்டாரத்து ரொட்டியில் உப்பே போடுவதில்லையாம். ஒரு காலத்தில் பீசா நகரத்துக்காரர்கள் உப்பை மறித்ததால் வந்த பழக்கம் என்றார். கதையாகவும் இருக்கலாம், ஆனால் போன வாரம் மறித்த மாதிரி கோபப்பட்டார்.

கவிஞர் தாந்தே ஃபுளோரன்ஸ்காரர். 1302-இல் ஊர் அவரைத் துரத்தியது. அடுத்தவர் ரொட்டி எப்படிக் கரிக்கும் என்று உனக்குத் தெரியவரும் என, தன் காவியத்தில் முப்பாட்டன் ஒருவரைச் சொல்லவைத்தார். உப்பில்லா ரொட்டியில் வளர்ந்த நாக்கு அல்லவா? 1321-இல் ரவென்னாவில் இறந்தார். பிறகு ஃபுளோரன்ஸ் எலும்புகளைக் கேட்டது. ரவென்னாத் துறவிகள் ஒளித்துவைத்துவிட்டார்கள், வெளிப்பட்டது 1865-இல். இன்றும் அந்தக் கல்லறை விளக்குக்கு வருஷாவருஷம் ஃபுளோரன்ஸிலிருந்து எண்ணெய் போகிறது. ரவென்னா வீட்டில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், ஒரு சாயங்காலம் ஓடிவிடும், கூச்சமும் போய்விடும்.

சரி, சாப்பாடு. சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் கூடாது, இறைச்சி வேகவைத்த சாறும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பார்மிஜானோ சீஸை உறையவைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். சாப்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. டஸ்கனியில் ரிபொல்லீத்தா கேளுங்கள். மிஞ்சிய ரொட்டி, பீன்ஸ், கரும்பச்சை முட்டைக்கோஸ் இலை எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் கொதிக்கவைத்தது. அதில் உப்பு போடுவார்கள்.