இரவல் பையோடு குதிக்காதீர்கள், தம்பி

கேள்வி: அக்கா, எனக்கு 27 வயது. வளைகுடாவில் வேலை. அங்கே ஸ்கைடைவிங் பழகி, 240 முறை விமானத்திலிருந்து குதித்திருக்கிறேன். போன வருடம் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்துப் பெரின் பாலத்தில் பேஸ் ஜம்பிங் (விமானம் இல்லாமல், உயரமான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) பயிற்சி எடுத்து, 14 முறை குதித்தேன். இப்போது இரண்டு மாத லீவில் ஊரில் இருக்கிறேன். போன மாதம் விடியற்காலையில் ஒரு டவரில் ஏறும்போது போலீஸ் பிடித்துவிட்டது. பாராசூட் பையையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்பா வந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். செல்ஃபி எடுக்க ஏறினேன் என்றுதான் அம்மாவுக்குத் தெரியும். திரும்பிப் போவதற்குள் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரே ஒரு முறை குதிக்க வேண்டும். பெங்களூர் நண்பர் தன் பையை இரவல் தருகிறார். காலை ஐந்தரைக்குக் குதித்து, ஆற்றைக் கடந்து அக்கரையில் நிற்கும் பைக்கில் ஏறிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. என் உயிர், என் ரிஸ்க். யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயத்துக்கு எதற்கு அனுமதி? நான் செய்வதில் என்ன தப்பு?
- பெயர் வேண்டாம், குழித்துறை

பதில்: அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தில் இரண்டு இடங்களில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்று இரவல் பை. இன்னொன்று ஆற்றைக் கடந்து ஓடுவது. 1999இல் ஒரே பள்ளத்தாக்கில், சில மாத இடைவெளியில் இரண்டு பேர் செத்துப்போனது இந்த இரண்டையும் ஒட்டித்தான்.

அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் எல் கேப்பிட்டன் என்று சுமார் 3,000 அடி செங்குத்துப் பாறை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருடம் ஜூன் மாதம் ஃப்ராங்க் கம்பாலி அதிலிருந்து குதித்தார். பாராசூட் விரிந்தது, தரையில் நல்லபடியாக இறங்கியும்விட்டார். அங்கே குதிப்பது தடை. பூங்காக் காவலர்கள் துரத்த, தப்பிக்க மெர்செட் ஆற்றில் பாய்ந்தார். பனி உருகி வெள்ளமாக ஓடிய ஆறு அது. பாறையிலிருந்து பிழைத்தவர் தண்ணீரில் போனார். உடல் கிடைக்க நாலு வாரம் ஆனது.

அக்டோபரில், அந்தத் தடையை எதிர்த்து, காவலர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு குழுவினர் குதித்தார்கள். இறங்கியதும் கைது, பை பறிமுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பையை இழக்க வேண்டாம் என்று ஜான் டேவிஸ் என்ற அனுபவசாலிப் பெண் இரவல் பையோடு குதித்தார். அவருக்குப் பழகிய பையில் இழுக்க வேண்டிய பிடி இருக்கும் இடம் வேறு, இதில் வேறு. பாராசூட் விரியவே இல்லை. கீழே அவர் கணவர் கேமராவோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் 14 முறை குதித்தவர். கை தானாக எங்கே போகும் என்று நான் சொல்லித்தர வேண்டாம். பழகிய கை பழகிய இடத்துக்குத்தான் போகும். ஸ்கைடைவிங்கில் தப்பிக்க இரண்டாவது பாராசூட் உண்டு. இதில் ஒன்றுதான்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டடம், டவர், பாலம், மலைப்பாறை என்று தரையோடு நிற்கும் நாலு வகை இடங்களிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் இந்த விளையாட்டு. அந்த நாலுக்கும் உள்ள ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்து பேஸ் என்று பெயர் வைத்தார்கள். இது நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதும் இல்லை. 2006இல் கிளென் சிங்கிள்மேன், ஹெதர் ஸ்வான் என்ற ஆஸ்திரேலியத் தம்பதி கங்கோத்ரிப் பக்கம் மேரு மலையில் 6,604 மீட்டர் உயரத்திலிருந்து குதித்திருக்கிறார்கள்.

சரி, மாத்தூருக்கு வருவோம். உங்கள் கடிதம் கிடைத்த வாரம் நானே அங்கே போனேன். பக்கத்து ஊர்க்காரிதான், ஆனால் இந்தக் கண்ணோடு அந்தப் பாலத்தை நான் பார்த்ததில்லை. நடுவில் நின்று கீழே பார்த்தேன். தென்னை, வாழை, ரப்பர், நடுவே பறளியாறு, ஆற்றில் யானை படுத்த மாதிரி பாறைகள். மேலிருந்து ஒரு காய்ந்த ரப்பர் இலை விழுந்தது. நேராக இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பதினைந்து அடி இறங்கியதும் காற்று அதைப் பிடித்துத் திருப்பி, பாலத்துக்கு அடியில் கொண்டுபோய், ஒரு தூணில் அப்பியது. கொஞ்ச நேரம் தூணிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் கீழே போனது. அந்த இடத்தில் உங்கள் பாராசூட் பாலத்தைப் பார்த்துத் திரும்பி விரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் விளையாட்டில் நிறையப் பேர் அடிபடுவது குடை விரியாமல் இல்லை, விரிந்து தப்பான பக்கம் திரும்பித்தான்.

பெரின் பாலம் 486 அடி. மாத்தூர் 115 அடி, அதில் கால்வாசிகூட இல்லை. காற்றுத் தடையை விட்டுக் கணக்குப் போட்டால், பெரினில் கீழே வர ஐந்தரை நொடி. மாத்தூரில் இரண்டே முக்கால் நொடிக்கும் குறைவு. பாராசூட்டைப் பாலத்தோடு நூலால் கட்டி, குதித்த உடனே விரியவைக்கும் முறை இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். இருக்கிறது. ஆனால் திரும்பினால் சரிசெய்ய நேரமும் வேண்டும், இறங்க இடமும் வேண்டும். அங்கே இரண்டும் இல்லை. பெரினில் நீங்கள் கற்றது அகலமான ஆற்றின் மேல், கூடவே ஒரு ஆசிரியர் நிற்க. மழைக்காலத்தில் பெருஞ்சாணி அணையைத் திறந்துவிட்டால் பறளியாறு எப்படி ஓடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். நனைந்த பாராசூட்டையும் இழுத்துக்கொண்டு அதை எப்படிக் கடப்பீர்கள்?

இனி, உங்கள் கேள்வி. என் உயிர், யாருக்குக் கெடுதல் என்கிறீர்கள்.

என் சித்தப்பா தீயணைப்புத் துறையில் 31 வருடம் வேலை பார்த்தவர். கிணறு, குளம், அருவி, பாறை இடுக்கு என்று எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கிறார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் நின்று ரொம்ப நேரம் கை கழுவுவார். சித்தி சோப்பை நீட்டிக்கொண்டே நிற்பாள். ஒரு தடவை அருவியில் வழுக்கி விழுந்த ஒரு காலேஜ் பையனை எடுக்கப் போய், கயிறு பிசகி சித்தப்பாவின் தோள் எலும்பு முறிந்தது. அந்தக் கை கடைசிவரை முழுதாக மேலே எழும்பவில்லை. அந்தப் பையனும் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை. நார்வேயில் ட்ரோல்வேகன் என்ற பாறையில் 1986இல் குதிக்கத் தடை வந்ததற்கும் இதுதான் முக்கியக் காரணம். விபத்துகளுக்குப் பிறகு மீட்கப் போகிறவர்களின் உயிர் தொங்கலில் நின்றது. உங்கள் விளையாட்டின் முன்னோடி கார்ல் போனிஷ் 1984இல் இறந்ததும் அதே பாறையில்தான்.

2017இல் ஓகிப் புயல் வந்தபோது நம் கரையில் என்ன நடந்தது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். போனவர்களைத் தேடி மீனவர்களே படகு எடுத்தார்கள். ஊருக்கு ஊர் அம்மாமார் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் போனது பிழைப்புக்கு. உங்களை அதோடு சேர்த்துக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒருவன் திரும்பி வராவிட்டால் நம் ஊரில் எத்தனை பேர் வேலையை விட்டு எழுந்து ஓடுவார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

போலீஸ் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் புரிகிறது. ஆனால் நம் ஊரில் ஒருவன் டவரில் ஏறினால் என்ன அர்த்தம்? ஒன்று போராட்டம், இல்லை சாகப் போகிறேன் என்ற மிரட்டல். “எதுக்குலே சாகப் போற?” என்று அந்தக் காவலர் கத்தியிருப்பார், இல்லையா? அவர் பயந்துதான் கத்தியிருப்பார். முதுகில் இருப்பது பாராசூட் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும், அவர் கையில் இருப்பது அத்துமீறி நுழைதல், பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குதல் போன்ற பொதுப் பிரிவுகள்தான். இந்த விளையாட்டின் பெயரைச் சொல்லி எழுதிய சட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனாலேயே ஒரு அதிகாரி அறிவுரை சொல்லி அனுப்புகிறார், இன்னொருவர் வழக்குப் போடுகிறார்.

அதிகாரிகள் பக்கம் தப்பே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். முறையாகக் கேட்க வருகிறவனை நாற்காலிகூடக் காட்டாமல் “பைத்தியமா உனக்கு” என்று விரட்டினால், அவன் அடுத்த தடவை இருட்டில்தான் போவான். யோசமிட்டியில் குதித்தவர்கள் பல வருடமாகச் சொன்னதும் அதுதான். தடை இருப்பதால் மங்கிய வெளிச்சத்தில் குதிக்கிறோம், அடிபட்டால் கூப்பிட ஆளில்லை, அவசரத்தில் தப்பு செய்கிறோம் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில் 1980இல் பூங்கா நிர்வாகம் அனுமதிச் சீட்டு கொடுத்துத்தான் பார்த்தது. சிலர் சீட்டு இல்லாமல் குதித்தார்கள், வண்டி போகக் கூடாத வழியில் வண்டியை ஏற்றினார்கள். சில வாரங்களிலேயே எல்லாம் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் இன்றுவரை அதற்கு விலை கொடுக்கிறார்கள். தொட்டிப்பாலத்தில் நீங்கள் குதித்து அந்த வீடியோ நாலு பேர் கைக்குப் போனால், அடுத்த மாதம் பாலத்தில் கம்பி வலை வரும். மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடக்க வருகிற எங்களுக்கும் சேர்த்துத்தான்.

குதிக்க விடுகிற இடங்கள் எப்படி விடுகின்றன என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லாட்டர்ப்ருன்னன் பள்ளத்தாக்கில் குதிக்க வருகிறவர்கள் காசு கொடுத்து ஒரு அட்டை வாங்குகிறார்கள். அவர்கள் இறங்குகிற புல்வெளிக்காரர்களுக்கு அந்தப் பணம் போகிறது. அந்தப் புல் மாட்டுக்குத் தீவனம். மிதித்தால் விவசாயிக்கு நஷ்டம், நம் வயலில் ஒருவன் இறங்கினால் நாம் விடுவோமா? குதிக்கும் முன் ஹெலிகாப்டர் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் குதிக்க வேண்டும். நார்வேயின் ஷெராக் பாறையில் உள்ளூர்க் கிளப்பே கணக்கு வைக்கிறது. 1995 முதல் 2005 வரை அங்கே 20,850 முறை குதித்ததில் 9 பேர் இறந்தார்கள் என்று மருத்துவர்கள் ஆய்வே எழுத முடிந்தது அந்தக் கணக்கு இருந்ததால்தான். ஒழுங்காக நடத்துகிற இடத்திலேயே சுமார் 2,300க்கு ஒன்று, தம்பி. ஒளிந்து குதிக்கிற இடத்தில் எவ்வளவு என்று எண்ணவும் ஆளில்லை.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் உங்கள் பை. அப்பாவின் நண்பர், கட்சிக்காரர் என்று யாரையும் பிடிக்காதீர்கள். வாங்கிய ரசீது, பயிற்சிச் சான்று, நீங்கள் குதித்த கணக்குப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பகலில் ஸ்டேஷனுக்குப் போங்கள். பறிமுதல் மகஜரின் (எடுத்த பொருளை எழுதிவைத்த பதிவு) நகல் கேளுங்கள். வழக்குப் பதிவாகியிருந்தால் ஒரு வக்கீல் வழியாக நீதிமன்றத்தில் மனு போட்டுத் திரும்பக் கேட்கலாம். கைக்கு வந்ததும் அப்படியே தோளில் மாட்டிவிடாதீர்கள். பிடித்த வண்டிகளும் மண்ணெண்ணெய் கேன்களும் கிடக்கிற இடத்தில், ஈரத்திலும் எலிக்கு நடுவிலும் ஒரு மாதம் கிடந்த நைலான் அது. தெரிந்தவர் ஒவ்வொரு தையலையும் பார்த்துச் சொல்லட்டும்.

அப்புறம், கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை மனு நாளில் எழுத்தில் கேளுங்கள். எந்த இடம், எவ்வளவு உயரம், எங்கே இறங்குவது, ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், யார் பொறுப்பு என்று எல்லாம் எழுதுங்கள். இந்த லீவுக்குள் பதில் வராது, அநேகமாக ‘இல்லை’ என்றுதான் வரும். வரட்டும். காரணத்தோடு எழுத்தில் வந்த ‘இல்லை’யை வைத்து அடுத்த வருடம் பேசலாம். காட்டுப்பக்கம் மட்டும் போகாதீர்கள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர். அனுமதியின்றி உள்ளே போனால் 1972ஆம் வருடச் சட்டப்படி அதுவே குற்றம், யானைகள் வேறு. ஆரல்வாய்மொழிப் பக்கத்து மலை என்று யாராவது ஆசை காட்டினாலும் வேண்டாம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் கணவாய்க் காற்றுக்குத்தான் சுற்றிலும் காற்றாலைகளும் மின்கம்பிகளும் நிற்கின்றன.

குதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசையை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமையும் இல்லை. அனுமதியோடு குதிக்கிற இடத்தில், உங்கள் சொந்தப் பையோடு, பகல் வெளிச்சத்தில் குதியுங்கள். பெரினுக்கே திரும்பிப் போங்கள். அங்கே வருடம் முழுக்க அனுமதிச் சீட்டு இல்லாமலே விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக அம்மா. செல்ஃபி என்ற பொய்யை இந்த வாரமே முடித்துவிடுங்கள். முதலில் குதிக்கிற வீடியோவைக் காட்டாதீர்கள். பை திரும்பி வந்த பிறகு, ஒரு மதியம் முற்றத்தில் பாய் விரித்து, பாராசூட்டைப் பரப்பி, மடிப்பு மடிப்பாக எப்படி வைக்கிறீர்கள் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பட்டுப்புடவை மடித்துப் பழகிய கை, உங்கள் மடிப்பில் எங்கே கோணல் என்று கண்டுபிடித்துவிடும். பாதியில் நிச்சயம் கேட்பார்: “மக்களே, இது விரியலேன்னா?” அப்போது இரண்டாவது குடை இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.