மெசேஜ் எப்போது நின்றது?

கேள்வி: கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், அம்மா 19 வருஷம் கொட்டைத் தோடு உடைத்தார். போன மாதம் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "கை நடுங்குது, நாளையிலேர்ந்து வராதே" என்று அனுப்பிவிட்டார். கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டால் முதலாளியிடம் பதில் இல்லை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். இருவர் மீதும் வழக்குப் போட வேண்டும், முக்கியமாக அந்த சூப்பர்வைசரை விடக் கூடாது. அம்மாவுக்குக் கைரேகை விழாததால் பி.எப். கணக்குக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தோம், அதில் மெசேஜ் வந்தும் நாளாகிவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, சூப்பர்வைசர் இருக்கட்டும். மெசேஜ் வந்து நாளாகிவிட்டது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எத்தனை நாள்? ஆறு மாதமா, மூன்று வருஷமா? பணம் கட்டினால் அந்த நம்பருக்குச் செய்தி வரும். வரவில்லை என்றால் கட்டாமல் விட்டிருக்கலாம். கூலியில் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நீங்கள்.

ரேகை ஏன் விழவில்லை என்று யோசித்தீர்களா? சாம்பல் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அண்டித்தோட்டின் எண்ணெய் விடாது. தோல் உரிந்து உரிந்து விரல் நுனி கறுத்துப் போகும். உங்களுக்குச் சோறு ஊட்டிய விரல் அது. அந்த ரேகைக்குப் பதிலாகத்தான் உங்கள் நம்பர் இருந்தது. பேங்க்காரன் அனுப்புகிற மெசேஜையெல்லாம் படித்திருப்பீர்கள், இதைப் படிக்கவில்லை. பெற்றவளின் கணக்கைப் பார்க்காத மகன் அவளுக்காகச் சண்டைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்றைக்கே பி.எப். பாஸ்புக்கை இறக்கிப் பாருங்கள். எந்த மாதத்தோடு நின்றது என்று தெரிந்துவிடும். கூலியில் பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சாதாரண பாக்கி இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. நாகர்கோவில் பி.எப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அம்மா அங்கே வேலை பார்த்தார் என்பதற்கும் அந்தப் பாஸ்புக்தான் சாட்சி. இ.எஸ்.ஐ. அட்டை, கூலிச் சீட்டு எதுவானாலும் தேடி எடுங்கள். அரிசிப் பானைக்குப் பின்னாலோ பைபிளுக்குள்ளோ இருக்கும்.

கிராஜுவிட்டி 5 வருஷம் முடிந்தாலே உண்டு. வருஷத்துக்கு 15 நாள் கூலி, ஆக 285 நாள் கூலி. எண்ணிக்கைக்கோ எடைக்கோ கூலி என்றால் கடைசி 3 மாதச் சராசரியை வைத்து ஒரு நாள் கூலியைப் போடுவார்கள். ஆபீஸ் மூடிக் கிடந்த மாதங்களைக் காட்டிக் குறைக்கப் பார்ப்பார்கள், அசைந்து கொடுக்காதீர்கள். முதலாளிக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போகலாம், வக்கீல் இல்லாமலேகூட. வேலையை விட்டு நிறுத்தியது செல்லுமா என்பது தனி வழக்கு.

சரி, சூப்பர்வைசர். இந்தப் பணம் எதுவும் அவர் தர வேண்டியதில்லை, அவரும் சம்பளக்காரர்தான். கையைப் பிடித்தார், அசிங்கமாகப் பேசினார் என்றால் கதை வேறு. வேலையிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் 2013ஆம் வருஷச் சட்டப்படி 3 மாதத்துக்குள் அவர் பேரிலேயே புகார் கொடுக்கலாம். அப்படி ஏதாவது நடந்ததா? உங்களிடம் அம்மா சொல்ல மாட்டார். சித்தியோ அக்காவோ கேட்கட்டும்.

லீவு போட்டு ஊருக்கு வாருங்கள். விண்ணப்பம் அம்மா பெயரில்தான் போக வேண்டும். ரேகை விழாது, சரி. கையெழுத்துப் போடுவாரா? அதைக்கூட நீங்கள் எழுதவில்லையே.