கொட்டகைக்காரர் பதில்கள்

கேள்வி: தாத்தா கட்டியது ஒரே தியேட்டர். அப்பாவும் சித்தப்பாவும் வளர்த்து, இன்று மதுரை, திருமங்கலம், மேலூர் மூன்று ஊரிலும் சேர்த்து ஏழு ஸ்கிரீன். பெரிய கம்பெனி ஒன்று மொத்தமாக லீஸுக்குக் கேட்கிறது. அண்ணன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. யார் சொல்வது சரி?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, முதலில் பீரோவைத் திறந்து 'சி' படிவ உரிமம், அதாவது தியேட்டரில் படம் ஓட்டுவதற்கான உரிமம், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டப்படி நம் பக்கம் அதைத் தருபவர் மாவட்ட ஆட்சியர். உரிமம் கூட்டாக இருந்து, பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் புதுப்பிப்பதே இழுபறியாகிவிடும். நன்றாக ஓடிய கொட்டகைகள் பங்காளிச் சண்டையில் பூட்டுப் போட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். லீஸோ சொந்தமோ, இதைச் சரி செய்யாமல் எதுவும் பேச வேண்டாம்.

அடுத்தது வரவு. முதல் வார வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும். வாரம் போகப் போக நம் பங்கு ஏறும். ஆனால் தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அப்படியானால் நமக்குக் காசு எங்கே? ரெண்டாவது வாரத்தில், எந்தப் படத்தை எந்தத் திரையில் ஓட்டுகிறோம் என்பதில்தான்.

நான் மேனேஜராக இருந்த இடத்தில் முதலாளி திங்கள்கிழமை மேட்னி டி.சி.ஆரை, அதாவது வசூல் கணக்குத் தாளை, கையில் வாங்குவார். வரி வரியாக விரலை வைத்துப் பார்ப்பார். பால்கனி நிறைந்து கீழே காலியென்றால் அவருக்கு அது ஒரு சேதி, கீழே நிறைந்து பால்கனி காலியென்றால் வேறு சேதி. "பெரியதிலிருந்து எடுத்து மூணாம் நம்பரில் போடு" என்பார். மூணாம் நம்பர் திரையின் சர்வரில் படத்தைத் திறக்க டிஜிட்டல் சாவி வேண்டுமே, அதற்கு எம்.ஆர். (மதுரை-ராமநாதபுரம்) ஏரியா விநியோகஸ்தருக்கு உடனே போன் போகும். சாயங்கால முதல் ஆட்டத்துக்குள் படம் மாறிவிடும். பெரிய கம்பெனியில் இந்த முடிவை வேறு ஊரில் உட்கார்ந்து எடுக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவில் சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் மதுரையில் விழித்திருக்கும் என்பது அவர்கள் கணக்கில் வராது. உங்கள் குடும்பத்துக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அந்த அறிவைச் சும்மா விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதற்காக அண்ணன் சொல்வதில் நியாயமில்லை என்று நினைக்க வேண்டாம். குடும்பத் தியேட்டர்களில் நடக்கும் தவறுகள் எனக்கு ஆத்திரத்தையே வரவழைக்கும். புரொஜெக்டர் விளக்கு அதன் மணிக்கணக்கைத் தாண்டியும் எரிந்துகொண்டிருக்கும். படத்தில் இருட்டுக் காட்சி வந்தால் திரையில் ஒன்றும் தெரியாது, கதாநாயகன் முகமே மங்கிவிடும். இடைவேளை முடிந்து பத்து நிமிஷத்தில் ஏசியை நிறுத்துவார்கள். காசு கொடுத்து வந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு படம் பார்ப்பார்கள். இப்படி நடத்துவதற்குப் பதில் கம்பெனியிடமே கொடுத்துவிடலாம்.

கொடுத்தாலும் கௌரவக் குறைச்சல் இல்லை. சென்னை சத்யம் தியேட்டர் குழுமமே 2018-ல் பிவிஆர் என்ற பெரிய தியேட்டர் கம்பெனி கைக்குப் போனது. அந்த பிவிஆரும் ஒரு குடும்பம் 1978-ல் டெல்லியில் வாங்கிய பிரியா என்ற ஒற்றைத் தியேட்டரில் முளைத்ததுதான். அவர்கள் முதல் மல்டிபிளெக்ஸைத் திறந்தது 1997-ல்.

என் முடிவைக் கேட்டால்: வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கும் திங்கள் மேட்னிக்கும் உங்களில் ஒருவர் தவறாமல் வாசலில் நிற்பீர்கள் என்றால் கொடுக்காதீர்கள். ஒருவரும் நிற்க மாட்டீர்கள் என்றால், கூட்டம் இருக்கும்போதே நல்ல வாடகைக்குக் கொடுங்கள். இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 18. மேலூரில் சின்னத் திரைகளின் விலையை அந்த நூறுக்குள் வைத்துப் பாருங்கள். வாரநாளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

கேள்வி: மதுரை தங்கம் தியேட்டர் அவ்வளவு பெரியதாமே, ஏன் நிலைக்கவில்லை?
- கல்லூரி மாணவி, பசுமலை

பதில்: ஆமாம் அம்மா, ரெண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' போட்டுத் திறந்தார்கள். அந்தப் பெருமைக்கு ஈடில்லை. ஆனால் புதன்கிழமை மேட்னிக்கு இருநூறு பேர் வந்தாலும் அந்த மண்டபம் முழுவதற்கும் விளக்கு, ஆள், பராமரிப்பு எல்லாம் வேண்டும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி மனையின் விலையோ ஏறிக்கொண்டே போனது. இன்று அங்கே ஜவுளிக்கடை. இதே கணக்கைப் பார்த்துத்தான் பல ஊர்களில் பெரிய கொட்டகையை மூன்றாக, நான்காகப் பிரித்தார்கள். கேன்டீன் ஒன்று, கவுன்ட்டர் ஒன்று, காட்சி நேரம் மட்டும் முன்பின்னாக. தங்கத்தையும் அப்படிக் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கேள்வி: தண்ணீர் பாட்டிலைக்கூட வாசலில் பிடுங்கி வைக்கிறார்களே, முறையா?
- வாசகி, அனுப்பானடி

பதில்: வெளி உணவுக்குத் தடை போடத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் அளவாகக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொன்னது. தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் டிக்கெட் கிழிக்கும் பையனிடம் சண்டை போடாதீர்கள், அவனுக்கு அதிகாரம் கிடையாது. மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.