ஆசிட் ஜாஸ்: ஆயிரம் பாட்டு வேண்டாம், ஆறு போதும்

கேள்வி: திருமங்கலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ராஜா பாட்டு என்றால் உயிர், அதிலும் பேஸ் கிட்டார். ஆசிட் ஜாஸில் பேஸ் பிரமாதமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதால் மதுரையில் 600 ரூபாய்க்கு ‘ஆசிட் ஜாஸ் 1000’ என்று ஒரு பென்டிரைவ் வாங்கினேன். பாதிக்கு மேல் ஓட்டல் லிஃப்டில் ஓடுகிற இசை மாதிரி இருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லையா? இன்னொருவர், ஒரிஜினல் எல்பி இசைத்தட்டில் கேட்டால்தான் புரியும், 4,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எல்பியை எதில் போட்டுக் கேட்பீர்கள்? உங்கள் கடிதத்தில் தட்டைச் சுழற்றுகிற டர்ன்டேபிள் என்ற பேச்சே இல்லை. விற்கிறவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். அடுத்த வாரம் அதையும் அவரே தூக்கிக்கொண்டு வருவார், பாருங்கள்.

உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. 80களின் கடைசியில் லண்டன் கிளப்களில் சில டிஜேக்கள் பழைய ஜாஸ், ஃபங்க் (பேஸும் தாளமும் தூக்கலான ஆட்ட இசை) ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து ஆட்டத்துக்குப் போட்டார்கள். அப்போது ஆசிட் ஹவுஸ் என்று இன்னொரு இசை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அது ஆசிட் ஹவுஸ் என்றால் இது ஆசிட் ஜாஸ் என்று கிண்டலாக வைத்த பேர் இது. விளையாட்டாக வைத்த பேர் என்பதால் இன்று யார் வேண்டுமானாலும் எதன்மேலும் ஒட்டுகிறார்கள். பென்டிரைவ்காரர் ஒட்டினார். சந்தா வாங்குகிற ஆப்களும் அதையேதான் செய்கின்றன. காபிக் கடை சாக்ஸபோன் இசையை எல்லாம் ஒரே அண்டாவில் கொட்டி ஆசிட் ஜாஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், கேட்பாரில்லை. நானும் ஒருமுறை அப்படி ஒரு பென்டிரைவை வாங்கி ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தேன். ஒரே பாட்டு மூன்று பேரில், பத்துப் பன்னிரண்டு கரோக்கி, ஒரு பைலில் பாட்டுக்கு நடுவே விளம்பரம் வேறு!

சரி, பாட்டுக்கு வருவோம். குரல் இருக்கிற பாட்டில் தொடங்குங்கள். பிராண்ட் நியூ ஹெவீஸின் ‘நெவர் ஸ்டாப்’ (1991). முதல் தடவை பாட்டைக் கேளுங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ராஜா பாட்டில் பழகிய காதுக்கு அது தானாக வரும். அடுத்து இன்காக்னிடோவின் ‘ஆல்வேஸ் தேர்’, அதே வருஷம், ஜோசலின் பிரவுன் குரல். குழுவை நடத்தும் புளூயி மொரிஷியஸில் பிறந்தவர். அப்புறம் யங் டிசைப்பிள்ஸின் ‘அப்பரன்ட்லி நத்திங்’, இதுவும் 1991தான், கொஞ்சம் நிதானமாக நடக்கும். நான்காவது ஜாமிரோகுவாயின் ‘வென் யூ கோனா லேர்ன்’ (1992). தொடக்கத்தில் உறுமுகிற சத்தம் டிஜெரிடூ என்கிற ஆஸ்திரேலியப் பழங்குடி ஊதுகுழல், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

ஐந்தாவது அஸ்3-யின் ‘கேன்டலூப்’. ஹெர்பி ஹான்காக்கின் 1964 பதிவிலிருந்து பியானோவை வெட்டியெடுத்து அதன்மேல் ராப் போட்டிருக்கிறார்கள். இதைக் கேட்ட கையோடு அந்த மூலத்தையும் கேட்டுவிடுங்கள், ‘கேன்டலூப் ஐலண்ட்’ என்று தேடினால் வரும். ஜாஸ் புரியுமா என்ற பயம் பாதி அங்கேயே போய்விடும்.

கடைசியாக, குரலே இல்லாத ஒன்று: ஜேம்ஸ் டெய்லர் குவார்டெட் 1988இல் வாசித்த ‘ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்’ என்கிற அமெரிக்க டிவி தொடரின் தீம். ஹேமண்ட் ஆர்கன் என்கிற மின்சாரக் கீபோர்டு பறக்கும். ‘குவார்டெட்’ சேர்த்துத் தேடுங்கள், இல்லையென்றால் அதே பேரில் கிட்டாரோடு உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிற ஒரு அமெரிக்கர் வருவார். அவரும் பெரிய ஆள்தான், ஆனால் வேறு ஆள்.

எல்லாமே யூடியூபில் காசில்லாமல் கிடைக்கும். குழுவின் சொந்தப் பக்கத்தில் கேளுங்கள்; ‘ட்ரிப்யூட்’, ‘கரோக்கி’ என்று தலைப்பில் இருந்தால் தாண்டிப் போங்கள். ஒயர் வைத்த இயர்போன் போதும், போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு பேஸ் எங்கே என்று எனக்கு எழுதாதீர்கள்.

பேரில் ‘ஆசிட் ஜாஸ்’ என்று இருக்கிற தொகுப்புப் பக்கமே போகாதீர்கள். இதற்கு ஒரே ஒரு விலக்கு, அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஆசிட் ஜாஸ் ரெக்கார்ட்ஸ் என்றே ஒரு கம்பெனி லண்டனில் 1987இல் தொடங்கியது. அவர்களே போட்ட தொகுப்பு என்றால் தாராளமாகக் கேட்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டைப்படத்தைப் பார்த்து அல்ல, அட்டையில் யாரும் எதையும் அச்சடிக்கலாம். சந்தா ஆப்களில் ஆல்பம் பக்கத்தில் கடைசிவரை இறங்கினால் வருஷத்தோடு பொடி எழுத்தில் உரிமையாளர் பேர் இருக்கும். அங்கே ‘ஆசிட் ஜாஸ் ரெக்கார்ட்ஸ்’ என்று இருந்தால் சரி. ‘ஆசிட் ஜாஸ் லவுஞ்ச்’, ‘ஆசிட் ஜாஸ் கஃபே’ என்று வால் முளைத்திருந்தால் அது லிஃப்ட் கோஷ்டி. இவ்வளவு பொடி எழுத்தில் ஏன் வைக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

600 ரூபாய் போனது போனதுதான். அந்த பென்டிரைவை ஃபார்மேட் பண்ணிக் கடைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடை கம்ப்யூட்டரில் செருகுவதற்கு முன்னால் வேறொன்றில் போட்டு வைரஸ் பார்த்துவிடுங்கள்.